வில் வாங்கப் போகிறீர்களா? முதலில் கையை அளந்து பாருங்கள்!

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் வில் என்று சொன்னால் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது அம்மன் கோயில் கொடையும் வில்லுப்பாட்டும்தான். மணிகள் கட்டிய நீண்ட வில், அதனோடு சேர்ந்த குடம், உடுக்கை, நாணைத் தட்டும் வீசுகோல், விடிய விடியக் கதை சொல்லும் அண்ணாவி! களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இந்த வில்லின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம்.

ஆனால் இன்றைய பிள்ளைகளிடம் வில் என்றால் அவர்கள் சொல்வது வேறு. 'காம்பவுண்ட் வில்' என்கிறார்கள். காம்பவுண்ட் என்றதும் வீட்டு மதிற்சுவரை நினைத்துக்கொள்ளும் அப்பாக்களுக்கு, போனைத் திறந்து படம் காட்டுகிறார்கள். இரண்டு முனைகளிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிபோல் கயிறுகள், நடுவில் கண்ணாடி பொருத்திய குறிபார்க்கும் கருவி. பார்த்தால் வில் மாதிரியே இல்லை. ஏதோ ஒர்க் ஷாப்பிலிருந்து எடுத்து வந்த யந்திரம் மாதிரி இருக்கிறது.

இந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சீனாவின் ஹாங்சௌ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் வில் பிரிவில் இருந்த தங்கப் பதக்கங்கள் ஐந்து. ஐந்தையும் இந்தியா தட்டிக்கொண்டு வந்தது. விஜயவாடாவைச் சேர்ந்த ஜோதி சுரேகா வென்னம் மட்டும் மூன்று தங்கம் வென்றார். ஓஜாஸ் தேவ்தலேயும் மூன்று தங்கம் வென்றார். அதே ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் மகாராஷ்டிரத்தின் அதிதி சுவாமி பதினேழு வயதில் உலக சாம்பியன் ஆனார். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் போட்டி இடம் பெறுகிறது. பிள்ளைகளுக்கு ஆசை பிறக்காமல் என்ன செய்யும்?

எல்லையோரத்தில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். அப்பா திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. காலையில் பாசஞ்சர் பிடித்துப் போய், இருட்டிய பின் பாறசாலையில் இறங்கி வீடு திரும்புகிறவர். பையனுக்கு வயது பதினான்கு. சீட்டு எடுத்த பணம் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் வில் கேட்டு நச்சரிக்கிறான். அந்தச் சமயத்தில் வெள்ளறடை மலையோரத்தில் மரச்சீனி போட்டிருக்கும் மச்சினன் வந்து சேருகிறார். ராத்திரிதோறும் காட்டுப் பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

"அத்தான், வாங்குறதுதான் வாங்குறீங்க, எழுபது ராத்தல் இழுக்கிற பெரிய வில்லா வாங்குங்க. பகல்ல பையன் பழகட்டும். ராத்திரி எங்கிட்டத் தாங்க. பன்னிக்கு ஒரு வழி பண்ணிருவேன். ஒரே செலவுல ரெண்டு காரியம்!"

கேட்கும்போது நியாயம்போல் தோன்றும் இந்த யோசனையில் மூன்று தவறுகள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

கப்பி கட்டிய வில்

முதலில் இந்த வில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

சாதாரண மூங்கில் வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுக்க இழுத்து, குறிபார்த்து நிற்க வேண்டிய நேரத்தில்தான் கையில் அதிகப் பாரம் இருக்கும். கை நடுங்கும், குறி தவறும்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவரும் வேட்டைப் பிரியர். வில்லின் நுனிகளை வெட்டிவிட்டு அங்கே கப்பிகளைப் பொருத்தினார். 1966-இல் காப்புரிமைக்கு மனுச் செய்து 1969-இல் பெற்றார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பி நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கிணற்றுக் கப்பியின் அச்சு நடுவில் இருக்கும். இந்த வில்லின் சக்கரத்தில் அச்சு ஓரமாக இருக்கிறது. ஆகவே சக்கரம் உருளும்போது ஒரு கட்டம் வரை பாரம் ஏறுகிறது; அந்தக் கட்டம் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடுகிறது.

எவ்வளவு இறங்குகிறது? அறுபது பவுண்டு, அதாவது அறுபது ராத்தல் வில் என்றால் சுமார் 27 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைவிடச் சற்று அதிகம். எண்பது சதவீதம் பாரம் குறையும் வில்லாக இருந்தால், முழுக்க இழுத்து நிற்கும்போது கையில் இருப்பது பன்னிரண்டு பவுண்டுதான். அதாவது ஐந்தரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. நிதானமாகக் குறிபார்க்கலாம். விட்டதும் சேர்த்து வைத்த சக்தி அத்தனையும் அம்பில் பாய்கிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் மறைந்திருக்கிறது. பாரம் நிற்கும்போதுதான் குறையுமே தவிர, இழுக்கும்போது குறையாது. இருபத்தேழு கிலோவை ஒரு தடவையாவது தாண்டித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் "கடைசியில் லேசாகிவிடும்" என்று சொன்னால், "தொடக்கத்தில்?" என்று கேட்பது வாங்குகிறவர் கடமை.

வேட்டை வில் வேறு, போட்டி வில் வேறு

மச்சினன் சொன்ன யோசனையில் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. ஒரே வில் இரண்டு காரியத்துக்கும் உதவும் என்று நினைப்பது சரியல்ல.

ஆலன் வில்லை வேட்டைக்காகவே செய்தார். அமெரிக்காவில் இன்றும் மான் வேட்டைக்கு லைசென்சும் குறிப்பிட்ட பருவமும் உண்டு. அதனால் அங்கிருந்து வரும் விளம்பரங்களில் மானும் காடும் இலைப் பச்சை வர்ணமுமாக இருக்கும். அப்படிப்பட்ட வேட்டை வில் குட்டையானது. ஒரு சக்கரத்தின் அச்சிலிருந்து மறு சக்கரத்தின் அச்சு வரை சுமார் முப்பது அங்குலம் இருக்கும். புதருக்குள் தூக்கிப் போக வசதி, வேகமும் அதிகம். ஆனால் கை சற்று அசைந்தாலும் அதுவும் அசைந்துவிடும்.

போட்டி வில் நீளமானது. முப்பத்தாறு முதல் நாற்பது அங்குலம் வரை அச்சுக்கு அச்சு இருக்கும். கனம் சற்று அதிகம். அந்தக் கனமே அதை ஆடாமல் நிறுத்துகிறது. நாண் கோணமும் அகலமாக இருப்பதால் முகத்தோடு சேர்த்து வைத்துப் பழக எளிது.

உலக வில்வித்தைச் சங்கத்தின் விதிப்படி காம்பவுண்ட் போட்டியில் இலக்கு ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும். இலக்குத் தாளின் முழு அளவு எண்பது சென்டிமீட்டர். பத்துப் பாயின்ட் வட்டம் எட்டு சென்டிமீட்டர்தான். ஒரு தோசைத் திருப்பியின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். தகுதிச் சுற்றில் 72 அம்புகள், 720 பாயின்ட். இத்தனைக்கும் வில்லின் பாரம் அறுபது பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே எழுபது பவுண்டு வில்லை அந்த அளவில் வைத்துப் போட்டிக்கு எடுத்துப் போனால் களத்துக்குள் விடமாட்டார்கள். பையனுடைய ஆசைக்காக வாங்கிய வில், பையனுக்கே உதவாமல் போய்விடும்.

பன்றியும் சட்டமும்

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அது பணத்தோடு போகாது, ஆளையே கொண்டுபோய்விடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, பட்டியலிட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. காட்டுப் பன்றியும் அந்தப் பட்டியலில் உண்டு. 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. காயப்படுத்துவதும், பொறி வைப்பதும், முயன்று பார்ப்பதும்கூட வேட்டைதான். அம்பு படவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பொதுவான குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். முதல் அட்டவணை விலங்கென்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதமும் வண்டியும் அரசாங்கத்துக்குச் சொந்தமாகிவிடும். வேலையில் இருக்கிறவர்களுக்கு இது எத்தகைய கேடு என்று விளக்க வேண்டியதில்லை.

அம்பூரி, கள்ளிக்காடு பக்கத்து ஜனங்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958-இல் ஏற்பட்டது. எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளும் சரணாலயமே. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். "பழக எடுத்து வந்தேன்" என்று சொல்வது அங்கே எடுபடாது. அகஸ்திய மலைக் காணிக்காரர்கள் ஒரு காலத்தில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியவர்கள். அவர்களுக்கே இன்று வேட்டை கிடையாது.

அப்படியானால் மரச்சீனி போட்டவர் கதி? வழி இல்லாமல் இல்லை. கேரள அரசு 2022 மே மாதம் பிறப்பித்த உத்தரவில், விளைநிலத்தை அழிக்கும் காட்டுப் பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்து, நகரசபைத் தலைவர்களிடம் கொடுத்தது. அவர்களுக்குக் கௌரவ வனவிலங்கு வார்டன் பதவியும் தந்தது. துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும். விஷம், வெடி, மின்சாரக் கம்பி எதுவும் கூடாது. வில்லுக்கும் அதில் இடம் இல்லை. இத்தகைய உத்தரவுகள் காலக்கெடுவோடு வந்து நீட்டிக்கப்படுபவை. ஆகவே அன்றைய நிலையைப் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டு, மனுவை எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் நஷ்டஈடு கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

பனச்சமூடு, களியக்காவிளையைத் தாண்டினால் விதி மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றிக்கு எந்த மாநிலம் என்பது தெரியாது. மனிதன் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது ஆபத்தான வேலை. துப்பாக்கிக் குண்டு அடித்து வீழ்த்துவதுபோல் அம்பு வீழ்த்துவதில்லை; ரத்தம் போய்த்தான் விலங்கு சாகிறது. இருட்டில், பழகாத கையில், அம்பு தவறான இடத்தில் பட்டால் காயம்பட்ட பன்றி ரப்பர் தோட்டத்துக்குள் எங்கோ போய் மறைந்து நிற்கும். காலையில் பால் வெட்ட வரும் தொழிலாளிதான் அதன் முன்னால் போய் நிற்பார். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்று புறநானூறு சொல்வது உண்மைதான். ஆனால் மரச்சீனித் தோட்டத்து ஓரம் பதுங்கியிருக்கும் மச்சினன் ஓரி அல்ல!

கையை அளக்கும் முறை

மூன்றாவது தவறு, பெரிய வில்லே நல்ல வில் என்ற நினைப்பு. செருப்பை அளவு பார்க்காமல் வாங்குகிறோமா? வில்லும் அப்படித்தான். நான்கு அளவுகளை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒன்று, எந்தக் கண் வலுவான கண் என்பது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு ஓட்டை அமைத்து, எதிரே தெரியும் தென்னங்குலையை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது குலை அதே இடத்தில் தெரிகிறதோ அதுவே வலுவான கண். வலக்கண் என்றால் வலக்கை வில்; அதாவது இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுப்பது. இடக்கண் என்றால் இடக்கை வில். எழுதும் கையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. காம்பவுண்ட் வில்லை வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. தவறு செய்தால் வில்லையே மாற்ற வேண்டும்.

இரண்டு, இழுப்பு நீளம். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை தையல்காரர் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். வந்த அங்குலத்தை இரண்டரையால் வகுத்தால் கிடைப்பதே ஏறக்குறைய உங்கள் இழுப்பு நீளம். அறுபத்தாறு அங்குலம் என்றால் இருபத்தாறரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அறுபது அங்குலக் கையுள்ள பையனுக்கு இருபத்துநான்கு. மூங்கில் வில்லை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். காம்பவுண்ட் வில் குறித்த இடத்தில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். ஆகவே ஒரு அங்குலம் தவறினாலும் தோளும் முழங்கையும் கோணலாகும். நாண் கையில் உரசிச் சிவந்துவிடும். வளரும் பிள்ளைக்கு வாங்கும்போது இழுப்பு நீளத்தையும் பாரத்தையும் கூட்டிக்கொள்ள வசதியுள்ள வில்லாகக் கேட்டு வாங்குவது சிக்கனம். இரண்டு வருஷத்தில் கை நீண்டுவிடும். வில்லும் கூடவே நீள வேண்டும்.

மூன்று, பாரம். கடையிலோ பயிற்சிக் களத்திலோ வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, மேலே தூக்காமல், உடம்பை வளைக்காமல் நிதானமாக இழுத்துப் பாருங்கள். வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் அது உங்களுக்குப் பாரமான வில். நாற்காலியில் உட்கார்ந்தபடி இழுக்க முடிந்தால் சரியான பாரம். பதினான்கு வயதுப் பையனுக்கு இருபது முதல் முப்பது பவுண்டு போதும். வளர்ந்த ஆள் முப்பத்தைந்து, நாற்பதில் தொடங்கலாம். அதிகப் பாரத்தை இழுத்துத் தோள்பட்டை கெட்டவர்கள், இழுப்பதை நிறுத்திய பிறகும் அந்த வலியோடு இருப்பார்கள்.

நான்காவது, முழு இழுப்பில் எவ்வளவு பாரம் குறைகிறது என்பது. அறுபத்தைந்து சதவீதம் முதல் எண்பதுக்கு மேல் வரை குறையும் வில்கள் உண்டு. நிறையக் குறைந்தால் நிற்பது சுகம். ஆனால் விட்டுவிடும் நேரத்தில் கையின் சிறு பிசகும் அம்பில் தெரியும் என்று போட்டிக்காரர்களில் சிலர் சற்றுக் குறைவான அளவையே விரும்புகிறார்கள். தொடக்கக்காரருக்கு நடுவான அளவே நல்லது.

வில்லோடு முடியாத செலவு

வில் ஒன்று வாங்கினால் போதாது. விரலால் நாணை இழுக்காமல் கொக்கிபோல் பிடித்து விசையால் விடும் கருவி, குறிபார்க்கும் கண்ணாடி, நாணில் பொருத்தும் சிறு வளையம், அம்பைத் தாங்கும் இருக்கை, ஆட்டத்தைக் குறைக்கும் நீண்ட தண்டு, அம்பறாத்தூணி என்று சாமான் பட்டியல் நீளும். போட்டிக்குத் தகுந்த உயர்ந்த வில் இவை எல்லாவற்றோடும் லட்சங்களில் போய் நிற்கும். தொடக்க வில்லே சில மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

அம்பிலும் கவனம் வேண்டும். வில்லின் பாரத்துக்கும் இழுப்பு நீளத்துக்கும் ஏற்ற விறைப்புள்ள அம்பே நேராகப் போகும். கம்பெனி சொல்லும் எடைக்குக் குறைந்த அம்பை வைத்தால் வில்லுக்கே ஆபத்து. கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எய்ய வேண்டும். வெடித்த அம்பின் சிலாம்பு கையில் ஏறிவிடும். பிளேடு வைத்த முனை வேட்டைக்கு உரியது. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

அம்பு வைக்காமல் நாணை இழுத்து வெறுமனே விடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கடைக்கு வந்த நண்பர் ஒருவர் விளையாட்டாக விட்டாலும் போதும். அம்பில் போக வேண்டிய சக்தி எல்லாம் வில்லிலேயே பாய்ந்து, நாண் அறுந்து, சக்கரம் வளைந்து, தகடு பிளந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கும் ஆபத்து. மூங்கில் வில்லுக்கு நாண் மாற்றுவதுபோல் இதற்குக் கையால் மாற்ற முடியாது; அதற்கென்று வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். ஆகவே இன்டர்நெட் கடையில் விலை பார்ப்பதற்கு முன்பு, பழுது பார்க்கத் தெரிந்த பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். பழுது பார்க்க ஆள் இல்லாத வில், ஸ்பேர் பார்ட் கிடைக்காத சீமை மோட்டார் மாதிரி.

எய்யும் இடமும் யோசிக்க வேண்டிய ஒன்று. உதியன்குளங்கரையிலும் தனுவச்சபுரத்திலும் பத்து சென்ட், ஐந்து சென்ட் என்று மதிலுக்கு மதில் வீடுகள். இந்த வில்லிலிருந்து புறப்படும் அம்பு எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமாகப் போகும். குறி தவறினால் நூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். அடுத்த வீட்டில் துணி காயப்போடும் பெண்ணுக்கும் ஓடி விளையாடும் குழந்தைக்கும் அது தெரியாது. முறையான களமும், அம்பைத் தாங்கும் பின்தடுப்பும், மேற்பார்வைக்கு ஒருவரும் இல்லாத இடத்தில் எய்யவே கூடாது.

மூங்கிலில் தொடங்கியவர்கள்

இத்தனையும் கேட்டுவிட்டு, "ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வில்வித்தை எட்டாது போலிருக்கிறதே" என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம்.

ராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகியவர். 1992-இல் பீஜிங் ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்தார். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். ராஞ்சியின் தீபிகா குமாரி ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவரும் தொடக்கத்தில் மூங்கில் வில்லைத் தொட்டவர்தான். பின்னர் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கே வந்தார்.

மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்ற தனிப் பிரிவு தேசிய அளவில் நடக்கிறது. ஐம்பது மீட்டரும் முப்பது மீட்டரும் தூரம். கப்பி இல்லை, கண்ணாடி இல்லை. வில்லும் அம்புமாகச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். நிற்கும் முறை, மூச்சு, தோளின் ஒழுங்கு, விட்ட பிறகும் கையை அசைக்காமல் நிற்பது, இவை எல்லாம் எந்த வில்லுக்கும் ஒன்றே. ஓராண்டு மூங்கிலில் நிலைத்து நின்ற பிள்ளைக்குக் காம்பவுண்ட் வில் வாங்கிக் கொடுத்தால் அது வீண் போகாது. ஒரு மாதத்தில் சலித்துவிடும் பிள்ளையானால் சில ஆயிரத்தோடு போயிற்று. சீட்டுப் பணம் மிச்சம்.

இந்த மண்ணுக்கு வில் புதிதும் அல்ல. சேரன் கொடியில் பறந்தது வில். 1802-இல் வயநாட்டுக் குறிச்சியர்கள் தலைக்கல் சந்துவின் தலைமையில் வில்லும் அம்புமாகப் போய்ப் பனமரத்தில் வெள்ளைக்காரர் கோட்டையைப் பிடித்தது சரித்திரம். ஆகவே கூச்சப்படாமல் திருவனந்தபுரத்தில் உள்ள மாநில ஸ்போர்ட்ஸ் கவுன்சிலிலும், மாநில வில்வித்தைச் சங்கத்திலும் விசாரித்து, அருகில் எங்கே பயிற்சி கிடைக்கும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

வில் ஆளுக்கு ஏற்றபடி

ஜம்மு காஷ்மீரத்துக் கிஷ்த்வார் மலைப்பகுதியில் பிறந்த சீதள் தேவியைப் பற்றி வாசகர்கள் படித்திருக்கலாம். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லாத பெண். அவர் கையாளுவது காம்பவுண்ட் வில்தான். காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பதினேழு வயதில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றார். அவர் கையில் யாரும் எழுபது பவுண்டு வில்லைத் திணிக்கவில்லை. அவர் உடம்புக்குத் தக்கபடி வில்லைப் பொருத்திக் கொடுத்தார்கள். வில்லைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ரகசியம் இவ்வளவே: வில்லுக்காக ஆள் வளையக் கூடாது, ஆளுக்குத் தக்கபடி வில் அமைய வேண்டும்.

முன்னே சொன்ன அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மச்சினனுக்கு அப்பா சொல்ல வேண்டிய பதில் கடினமானதல்ல.

"மாப்ளே, பன்னிக்கு மனு எழுதித் தாறேன். நாளைக்கு நீ பஞ்சாயத்து ஆபீசுக்குப் போ. பையன் வில்லு பையனுக்கு மட்டும்."

மகனிடம் சொல்ல வேண்டியது அதைவிடச் சுருக்கமானது.

"மக்களே, சுவரோட ஒட்டி நில்லு. ரெண்டு கையையும் நீட்டு. அளந்து பாப்போம்."

பிறகு தையல்பெட்டியிலிருந்து டேப்பை எடுக்க வேண்டியதுதான். அந்த அளவைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, சீட்டுப் பணத்தைப் பாங்கியில் போட்டுவிட்டு, முதலில் ஒரு மூங்கில் வில்லும் ஆறு அம்பும் வாங்கிக் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் அதே சுவரில் மறுபடியும் அளந்து பார்க்கும்போது பையனுடைய கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஆசை எவ்வளவு நிலைத்திருக்கிறது என்பது இரண்டும் தெரிந்துவிடும்.